மீனா, மாத்திரையா, பவுடரா? வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு எதை எதிலிருந்து எடுப்பது

கிராம சுகாதார செவிலியர் தந்த சிவப்பு மாத்திரை அட்டை அலமாரியில் கிடக்கிறது. தனியார் மருத்துவமனைச் சீட்டில் ஒரு மல்டிவைட்டமின், ஒரு மீனெண்ணெய் கேப்சூல், ஒரு டப்பா புரதப் பவுடர் எழுதியிருக்கிறது. மாமியாரோ, "நல்ல சாளை (மத்தி மீன்) கிடைக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். குமரி மாவட்டத்தில் மாசமாக இருக்கும் பெண் உள்ள பல வீடுகளில் நான்காம் மாத நிலவரம் இதுதான். எதை எடுப்பது, எதை விடுவது, எதில் காசு போடுவது என்பதுதான் கேள்வி.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரும்புக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் மாத்திரைதான் வழி, சாப்பாடு போதாது. டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, அயோடின், கோலின் மூன்றும் தட்டில் இருந்து வரவேண்டியவை. கடை மல்டிவைட்டமின் சிலருக்குத் தேவை. பவுடர் பெரும்பாலும் வீண் செலவு. சைவம், சர்க்கரை, தைராய்டு என்று வீட்டுக்கு வீடு இது மாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

காலம். மற்ற எல்லா அளவுகோலையும் விட இதற்குத்தான் முதல் இடம். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு தரித்து சுமார் 28 நாளில் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஃபோலிக் அமிலம் உடம்பில் இருக்கவேண்டும் என்றால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாம் மாதம் முதல் ஸ்கேன் முடிந்து தொடங்கினால் நரம்புக்குழாயைப் பொறுத்தவரை பலன் இல்லை.

அடுத்தது அயோடின். பிள்ளையின் தைராய்டு சுரப்பி சொந்தமாக ஓரளவு சுரக்க 18 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை மூளைச் செல்கள் இடம்பெயர்ந்து அடுக்காக அமைவதற்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போகிறது.

இரும்பும் டிஹெச்ஏவும் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்கு அதிகமாகப் போய்ச் சேருகின்றன. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதி வேகமாக வளர்வதும், நரம்பு இழைகளுக்கு மயலின் உறை கட்டத் தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான். இரும்பு குறையும்போது பிள்ளையின் உடல் இருப்பதை முதலில் ரத்த அணுக்களுக்குக் கொடுத்துவிடும், மூளைக்குப் பிறகுதான். ஆகவே பிறந்த குழந்தைக்கு ரத்தசோகை இல்லை என்று வந்தாலும் மூளைக்கு இரும்பு போதுமான அளவு போயிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

காலத்தின் கனத்துக்கு ஒரு சான்று: 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சம். பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களிடம், வளர்ந்தபின் மனச்சிதைவு நோய் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

அளவு. ஒரு பொருளில் ஒரு சத்து "இருக்கிறது" என்பது போதாது. ஒரு நாளில் ஒரு மனுஷி சாப்பிடக்கூடிய அளவில் எவ்வளவு வருகிறது?

சேருவது. வயிற்றுக்குள் போவதெல்லாம் ரத்தத்தில் சேராது. இரும்புக்குத் தேயிலையும் கால்சியமும் தடை.

பிள்ளையிடம் தெரிந்த பலன். அம்மாவின் ரத்த அளவு கூடியது என்பது ஒரு விஷயம். பிள்ளையின் கவனம், நினைவு, பேச்சு, கையின் நுண்வேலை ஆகியவற்றில் வித்தியாசம் தெரிந்ததா என்பது வேறு.

மறைந்த செலவு. பணம், ஓங்கரிப்பு, மலச்சிக்கல், பாதரசம், அளவுக்கு மிஞ்சிய வைட்டமின், எல்லாமும் இதில் வரும்.

## ஒரே பார்வையில்

| சத்து, ஒரு நாள் தேவை | வீட்டுச் சாப்பாடு | அரசு மாத்திரை | கடை மல்டிவைட்டமின் | பவுடர் |
|---|---|---|---|---|
| ஃபோலிக் அமிலம்: தொடக்கத்தில் மாத்திரையாக 400 மைக்ரோகிராம் | போதாது | போதும் | போதும் | நம்ப முடியாது |
| இரும்பு: 27 மி.கி. | போதாது | 60 மி.கி., போதும் | அட்டையைப் பார்க்கவேண்டும் | போதாது |
| அயோடின்: 250 மைக்ரோகிராம் | அயோடின் உப்பு, கடல்மீன், முட்டை, பால் சேர்ந்தால் போதும் | இல்லை | பலவற்றில் இல்லை | மாறும் |
| டிஹெச்ஏ: 200 மி.கி. | வாரம் மூன்று வேளை சாளை போதும் | இல்லை | தனி கேப்சூல் வேண்டும் | பெயரளவுக்கு |
| கோலின்: 450 மி.கி. | முட்டை இருந்தால் எட்டலாம் | இல்லை | பெரும்பாலும் இல்லை | மாறும் |
| வைட்டமின் பி12 | மீன், முட்டை, பால் | இல்லை | உண்டு | மாறும் |

## அரசு மாத்திரை

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும். நான்காம் மாதம் முதல் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை, தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். கூடவே கால்சியம் மாத்திரை தினம் இரண்டு.

சாப்பாட்டால் இந்த இரும்பை ஏன் ஈடுகட்ட முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 1,000 மி.கி. இரும்பு ரத்தத்தில் சேரவேண்டும். கடைசி மாதங்களில் நாளுக்கு 5 மி.கி.க்கு மேல். முருங்கைக்கீரை 100 கிராமில் இருப்பது சுமார் 4.5 மி.கி. அதில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பு எடுக்காது, 0.3 மி.கி. கிடைத்தால் அதிகம். மாத்திரை வேலையைக் கீரை செய்யவேண்டும் என்றால் தினம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தின்னவேண்டும். பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் இதே கணக்கில்தான் அடங்கும். கருப்பட்டிக் காப்பி நன்றாக இருக்கும், குடிக்கலாம். ரத்தம் ஊறும் என்று மாத்திரையை நிறுத்தக்கூடாது.

பிள்ளையிடம் பலன் தெரிந்ததா? நேபாளத்தில், கர்ப்பத்தில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் எடுத்த பெண்களின் பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தார்கள். 2010-ல் வெளியான முடிவில் அந்தப் பிள்ளைகள் வேலை நினைவு (செய்துகொண்டிருக்கும் வேலைக்குத் தேவையானதை மனதில் வைத்திருப்பது), தன்னை அடக்கிக்கொள்ளும் திறன், விரல் வேலை மூன்றிலும் முன்னால் இருந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாத்திரைக்கு இது பெரிய சான்று.

மறைந்த செலவு என்றால் வயிறு. ஓங்கரிப்பு, மலச்சிக்கல், கறுப்பாக மலம் போவது. மலம் கறுப்பது சேராத இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. பாதிப் பேர் அட்டையைப் பரணில் போடுவது இந்தத் தொல்லையால். மீதிப் பேர் "பிள்ளை கறுத்துப்போகும்" என்ற பேச்சைக் கேட்டு. நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. குங்குமப்பூவுக்கும் இல்லை, அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

எடுக்கும் முறை இப்படி இருந்தால் தொல்லை குறையும், பலனும் கூடும்:

- இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும் முன். ஓங்கரிப்பு வந்தாலும் தூக்கத்தில் போய்விடும்.
- தண்ணீரோடு. கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ. பாலோடு கூடவே கூடாது.
- சாயாவுக்கும் மாத்திரைக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம். கட்டன் சாயாவும் தடைதான். தடுப்பது தேயிலை, பால் இல்லாததால் சரியாகிவிடாது.
- கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. இரும்போடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சேருவது குறையும்.
- தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை விடியற்காலை வெறும் வயிற்றில் எடுத்து, இரும்புக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் விடவேண்டும். மூன்றையும் காலையில் ஒன்றாக விழுங்கிவிட்டு "டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தச் சோதனை அளவு) குறையவே இல்லை" என்று டோஸ் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே வந்தால் ரத்தசோகை. அப்போது மருத்துவர் சொற்படி தினம் இரண்டு மாத்திரை. ஒரு மாதம் ஒழுங்காக எடுத்தும் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் காரணம் தேடவேண்டும்: பி12 குறைவா, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் கூறா, குடற்புழுவா? குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு வாய்ப்பு கூடுதல். மூன்று மாதம் கடந்தபின் தரும் 400 மி.கி. அல்பெண்டசோல் ஒரு மாத்திரையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஏழுக்குக் கீழே போனால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை, மருத்துவமனையில் ஊசி வழியாகத்தான்.

இந்த மாத்திரையின் குறை, அதில் அயோடின், டிஹெச்ஏ, கோலின், பி12 எதுவுமே இல்லாதது.

## வீட்டுச் சாப்பாடு

குமரிக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று துறைமுகங்கள் சுற்றி இருக்க, மலையோரம்வரை வண்டியில் மீன் ஏறிப் போகிறது. மூளைக்கு வேண்டிய டிஹெச்ஏ நிறைந்தது விலை குறைந்த மீன்தான்: சாளை, அயிலை (கானாங்கெளுத்தி), நெத்தோலி. 100 கிராம் சாளைச் சதையில் சில நூறு மி.கி. டிஹெச்ஏ உண்டு. கொழுத்த பருவத்தில் இன்னும் கூடும்.

எவ்வளவு போதும்? இங்கிலாந்தின் ஏவான் பகுதியில் பல ஆயிரம் தாய்மார்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007-ல் சொன்னது: வாரம் 340 கிராமுக்குக் குறைவாகக் கடல் உணவு சாப்பிட்ட பெண்களின் பிள்ளைகள் பேச்சு சார்ந்த அறிவுத்திறனில் பின்தங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அதை இந்த ஊர்க் கணக்கில் சொன்னால், வாரம் மூன்று வேளை, வேளைக்கு நடுத்தர அளவில் நான்கைந்து சாளை. அவ்வளவே. குழம்பாகவோ அவியலாகவோ வையுங்கள். முக்கிப் பொரித்தால் மீனின் கொழுப்பு எண்ணெய்க்குப் போகும். நெத்தோலியைத் தலை கிள்ளி, குடல் எடுத்து, முள்ளோடு சமைத்தால் கால்சியமும் சேர்ந்து வரும்.

மீனில் மறைந்த செலவு பாதரசம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று சேர்த்துவைப்பது. ஆகவே பெரிய சுறா, கொப்பரன், பெரிய சூரை ஆகியவற்றைக் கர்ப்பத்தில் தவிர்ப்பது நல்லது. தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இவை தாராளமாகப் புழங்கும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். நெய்மீன் வாரம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம். விலையில் உயர்ந்த மீனை "மாசமா இருக்கிறவளுக்கு" என்று தேடி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இங்கே தலைகீழாக வேலைசெய்கிறது. கிலோவுக்கு மலிவான சாளைதான் இரண்டு வகையிலும் மேல்.

ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சாளை, அயிலை, சூரையில் ஹிஸ்டமின் உருவாகும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு வரும். சந்தையில் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு உடையாமல் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

முட்டை. கோலின் என்ற சத்தைப் பற்றி இங்கே அதிகம் பேச்சில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கடைசி மூன்று மாதம் நாளுக்கு 930 மி.கி. கோலின் எடுத்த பெண்களின் குழந்தைகள், 480 மி.கி. எடுத்தவர்களின் குழந்தைகளைவிட வேகமாகப் பார்த்துப் பதில்காட்டின. 7 வயதிலும் கவனம் நீடித்து நிற்பதில் வித்தியாசம் தெரிந்தது. மிகச் சிறிய ஆய்வு, அதை வைத்து 930-ஐத் துரத்தவேண்டாம். 450-ஐ எட்டினால் போதும்: ஒரு முட்டையில் 125 முதல் 150 மி.கி., ஆகவே தினம் இரண்டு முட்டை, மஞ்சள் கருவோடு. மீதி மீன், பால், பயறில் வரும். மஞ்சள் கருவைத் தூக்கிப்போட்டால் கோலினும் போயிற்று.

உப்பு. அயோடின் உப்பு ஒரு கிராமில் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்கவேண்டும் என்பது விதி. 5 கிராம் உப்பில் 75. சமைக்கையில் கொஞ்சம் போகும். மீதியைக் கடல்மீனும் முட்டையும் பாலும் தரவேண்டும். புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களைச் சுற்றி உள்ள வீடுகளில் சாக்கு உப்பு புழங்குவது உண்டு. கடல் உப்பு என்பதால் அயோடின் இருக்கும் என்று நினைக்கிறார்கள். உப்பாக விளையும்போது அதில் சொல்லிக்கொள்ளும்படி நிற்பதில்லை. கருவாட்டு உப்பும் அப்படித்தான். சிரிக்கும் சூரியன் சின்னம் உள்ள பாக்கெட்டை வாங்கி, மூடிபோட்ட டப்பாவில், அடுப்பு வெக்கை படாத இடத்தில் வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் உப்பு போட்டால் இழப்பு குறையும்.

இதே இடத்தில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வருகிறது. மரச்சீனியில் புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுதான். அதில் உள்ள சயனைடு சேர்மங்கள் உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை எடுக்கவிடாமல் தடுக்கும். அதற்காக மரச்சீனியை விலக்கவேண்டியதில்லை. தொலியும் உள்தொலியும் நீக்கி, சின்னத் துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பு போட்டு வேகவையுங்கள். கசக்கிற கிழங்கை விட்டுவிடுங்கள். கூட மீன்குழம்பு இருந்தால் சயனைடை முறிக்கத் தேவையான கந்தகப் புரதமும், அயோடினும் சேர்ந்தே வந்துவிடும். மரச்சீனியும் மிளகாய்ச் சம்மந்தியும் மட்டும் தினம் இரண்டு வேளை என்றால்தான் சிக்கல்.

ரேஷன் அரிசியில் வெள்ளையாக வேறுபட்டுத் தெரியும் மணிகள் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி. பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிய வேண்டாம்.

## கடை மல்டிவைட்டமினும் மீனெண்ணெய் கேப்சூலும்

இந்தோனேசியாவில் ஒரு பெரிய ஆய்வு, இரும்பு–ஃபோலிக் மாத்திரையையும் பல சத்து மாத்திரையையும் ஒப்பிட்டது. 9 முதல் 12 வயதில் பிள்ளைகளைப் பார்த்தபோது, பல சத்து எடுத்தவர்களின் பிள்ளைகள் செயல்முறை நினைவில் (பழகிப் பழகிக் கற்பதில்) முன்னால் இருந்தார்கள். ஆனால் அங்கே கொடுத்தது 15 சத்துகளும் அளவாக உள்ள மாத்திரை, அயோடின் 150 மைக்ரோகிராம் உட்பட. நம் மருந்துக்கடை அட்டைகளில் பல அந்த அளவில் இருப்பதில்லை. வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள்: அயோடின் இருக்கிறதா, இரும்பு எத்தனை மி.கி., வைட்டமின் ஏ எந்த வடிவில் எவ்வளவு. இரும்பு 30 மி.கி.க்குக் குறைவு என்றால் சிவப்பு மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. இரண்டையும் சேர்த்து எடுப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

கடையில் ஃபோலிக் அமிலம் என்று கேட்டால் பெரும்பாலும் 5 மி.கி. மாத்திரைதான் கையில் வரும். அது 400 மைக்ரோகிராமின் பன்னிரண்டு மடங்குக்கு மேல். முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தை பிறந்தவர்களுக்கும், மருத்துவர் காரணம் சொல்லித் தந்தவர்களுக்கும் அது சரி. மற்றவர்களுக்கு அது பி12 குறைவை மறைக்கக்கூடும். புனேயில் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில், பி12 குறைந்த தாய்மார்களின் பிள்ளைகள் 9 வயதில் கவனத்திலும் குறுகிய கால நினைவிலும் பின்தங்கியிருந்தார்கள்.

டிஹெச்ஏ கேப்சூல் பற்றி விளம்பரம் சொல்வது ஒன்று, சோதனை சொல்வது வேறு. ஆஸ்திரேலியாவில் 2,399 பெண்களில் பாதிப் பேருக்கு தினம் 800 மி.கி. டிஹெச்ஏ கொடுத்தார்கள். 18 மாதத்திலும், பிறகு பள்ளி வயதிலும் பிள்ளைகளின் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. ஒமேகா-3 எடுத்தால் குறைப்பிரசவம் குறைகிறது என்பதற்கு மட்டும் நல்ல சான்று இருக்கிறது. குறைமாதப் பிரசவமே மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் மீன் தொடாதவர்களுக்கு அது சின்ன லாபமில்லை. "அறிவாளிக் குழந்தை" என்பது மட்டும் வியாபாரப் பேச்சு.

கேப்சூலின் மறைந்த கணக்கு: அட்டையில் "மீனெண்ணெய் 1000 மி.கி." என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் சாதாரண வகையில் டிஹெச்ஏ 120 மி.கி.தான். பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். இன்னொன்று, மீன் *ஈரல்* எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ அதிகம். தொடக்க மாதங்களில் நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) போவது கருவுக்கு ஆபத்து. வீட்டில் முன்பே கிடக்கும் மஞ்சள் ஈரல் எண்ணெய் குளிகையை எடுத்து விழுங்கவேண்டாம்.

## புரதப் பவுடர்

கடைசி மூன்று மாதத்தில் கூடுதலாகத் தேவைப்படும் புரதம் நாளுக்கு சுமார் 22 கிராம். ஒரு வேளை மீனில் 18 கிராமுக்குக் குறையாது. கூட ஒரு பிடி சிறுபயறு வேகவைத்தால் கணக்கு முடிந்தது. புரதம் மிக அதிகமான கலவைகளைக் கொடுத்துப் பார்த்த சோதனையில் எடை குறைந்த குழந்தைகள் கூடியதாகவே தெரிந்தது. புரதமும் மாவுச்சத்தும் அளவாகக் கலந்த உணவுதான் எடை குறைந்தவர்களுக்கு உதவியது. அங்கன்வாடி சத்துமாவு இந்த இரண்டாம் வகை. இலவசமாக வருவதை மாட்டுக்குக் கரைத்து ஊற்றிவிட்டுப் பவுடர் வாங்குவது சரியான யோசனை இல்லை. பவுடர் டப்பாவில் சர்க்கரை எந்த வரிசையில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்; முதல் மூன்றுக்குள் வந்தால் வைத்துவிடலாம். மசக்கை கடுமையாக இருந்து திட உணவே இறங்காத சில வாரங்களுக்கு மட்டும் பவுடருக்கு நியாயம் உண்டு.

## யாருக்கு எது

வாரம் மூன்று நாள் மீன், தினம் முட்டை சாப்பிடுகிறவர்: அரசு மாத்திரையும் அயோடின் உப்பும் போதும். கேப்சூலுக்கும் பவுடருக்கும் காசு வேண்டாம்.

சைவம்: சிவப்பு மாத்திரையோடு பி12 கட்டாயம். பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ 200 மி.கி. கேப்சூல் பரவாயில்லை; ஆளிவிதையிலிருந்து உடம்பு மாற்றிக்கொள்ளும் டிஹெச்ஏ மிகக் குறைவு. முட்டையும் வேண்டாம் என்றால் கோலின் பற்றாக்குறைதான். பால், சோயா, பயறு மூன்றையும் கூட்டவேண்டும். அயோடின் உள்ள மல்டிவைட்டமின் நல்ல பலன் தருவது இவர்களுக்குத்தான்.

மலையோரத் தோட்ட வேலை: மாத்திரை, புழு மாத்திரை, செருப்பு. மீன் தினம் கிடைக்காவிட்டால் கருவாட்டைவிட முட்டைக்குக் காசு ஒதுக்குங்கள். ரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கருவாடு ஆகவே ஆகாது.

கர்ப்பகாலச் சர்க்கரை: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால் சர்க்கரை. அம்மாவின் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் பிள்ளையின் இரும்பு இருப்பும் குறையும். அந்தக் குழந்தைகளில் சிலர் அம்மா குரலை வேற்றுக் குரலிலிருந்து பிரித்தறிவதில்கூட பின்தங்குவது பதிவாகியிருக்கிறது. இவர்கள் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழத்தையும் இனிப்பு கலந்த மாவையும் செவிலியரிடம் கேட்டபின் தொடலாம். ஏத்தன் பழம் (நேந்திரம்) அரைப் பழத்தோடு நிறுத்தவேண்டும். மரச்சீனி வாரம் ஒரு நாள், சின்னத் தட்டில்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கடைசி மூன்று மாதம் வருகிறவர்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு ஓடாது. சின்னமுட்டம் ஒரு கணக்கில், குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் இன்னொரு கணக்கில் வருவதால், ஒரு பக்கம் அடைத்திருக்கும்போது மறுபக்கத்து மீன் வடசேரிச் சந்தைக்கு வரும். இரண்டும் அடைத்திருப்பது ஜூன் முதல் பாதியில் மட்டும். வள்ளத்தில் பிடிக்கும் நெத்தோலி, சாளை அப்போதும் கொஞ்சம் கிடைக்கும்; விலைதான் ஏறும். மீன் இல்லாத நாளில் முட்டையை ஒன்று கூட்டிக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளாவது சாளை வாங்கிவிடுங்கள். அந்த இரண்டு வாரத்துக்காக மூன்று மாதக் கேப்சூல் டப்பா வாங்கவேண்டியதில்லை.